15 சென்ட் மனையில் தைல மரம் வைக்கலாமா? எது, எங்கே, எப்படி?

மேட்டுத்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் வீடு. மனை 60 அடி அகலம், 108 அடி நீளம், கிட்டத்தட்ட 15 சென்ட். வீடு தெற்குப் பார்த்தது. பின்சுவரிலிருந்து வடக்கு எல்லை வரை 53 அடி காலியாகக் கிடக்கிறது. மேலே செம்மண், நாலு அடிக்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல்). செப்டிக் டேங்க் பின்சுவரிலிருந்து 10 அடி, மேற்கு எல்லையிலிருந்து 8 அடி. பக்கத்துத் தோட்டக்காரரின் திறந்த கிணறு எங்கள் வடகிழக்கு மூலையிலிருந்து நேர் கிழக்கே 25 அடியில்.

பின்பக்கம் ஒரு தைல மரம் வைக்க ஆசை. வாசனைக்காக, ஆவி பிடிக்க இலைக்காக, கொசு குறையும் என்கிறார்களே, அதற்காகவும். பண்ணையில் "நீலகிரிக் கன்று" என்று பையில் 6 அடி உயரத்தில் காட்டுகிறார்கள். கிணற்றுக்காரரோ "ஆர்.எஸ்.பதி மரமா? என் கிணறு வத்திரும்" என்று இப்பவே முறைக்கிறார் (தைல மரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்). பிள்ளைகளுக்கு வானவில் மாதிரி பட்டை உள்ள மரம்தான் வேண்டுமாம். எதை, எங்கே வைக்கலாம்? வைக்கவே கூடாது என்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

நாற்றங்கால்

சார், "தைல மரம்" என்பது ஒரு மரம் இல்லை. யூகலிப்டஸில் 700-க்கு மேல் இனங்கள். நம் பக்கம் கைக்குக் கிடைப்பது நாலைந்துதான், ஆனால் அந்த நாலைந்தும் குணத்தில் மாமன் மச்சான் மாதிரிகூட இல்லை. எதை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குவதில்தான் பாதித் தொல்லை.

உண்மையான நீலகிரித் தைல மரம் குளோபுலஸ். டாஸ்மேனியா பக்கத்துக் குளிருக்குப் பழகியது. ஊட்டி, குன்னூர் உயரத்தில் கொழிக்கும். ஒட்டன்சத்திரம் வெயிலில் இரண்டு கோடை தாண்டுவது அபூர்வம். பையில் இருப்பது அதுதானா என்று இலையைப் பார்த்தே சொல்லலாம். இளங்கன்றில் இலைகள் எதிரெதிராக, காம்பே இல்லாமல், தண்டைக் கட்டிப்பிடித்தபடி இருக்கும். மேலே நீலச்சாம்பல் பூச்சு. விரலால் தேய்த்தால் பச்சை தெரியும். தண்டைப் பிடித்து உருட்டினால் நாலு விளிம்பு கைக்குத் தட்டுப்படும். இந்த மூன்றும் இல்லை, இலைக்குக் காம்பு இருக்கிறது, வெறும் பச்சை என்றால் அது அநேகமாகக் காகித ஆலைக்காகச் சமவெளியில் நடுகிற டெரெடிகார்னிஸ் அல்லது கமால்டுலென்சிஸ். "மைசூர் கம்" என்பார்களே, அந்த வகை. வயலில் வரிசையாக நட்டு நாலைந்து வருஷத்தில் வெட்டி லாரியில் ஏற்றுவதற்கான மரம். வீட்டுக்கு அதில் வாசனையும் சுமார், அழகும் சுமார், வேகம் மட்டும் அசுர வேகம்.

உங்கள் ஊருக்குப் பொருந்துவது எலுமிச்சை வாசனைத் தைல மரம், சிட்ரியோடோரா. 1995-ல் இதை யூகலிப்டஸிலிருந்து பிரித்து கொரிம்பியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், பண்ணைகளில் இன்னும் பழைய பேர்தான். குயின்ஸ்லாந்து மரம், வெயில் தாங்கும். வளர்ந்த மரத்தின் அடிமரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வழவழவென்று இருக்கும். கன்றில் அடையாளம்: இளம் இலை தொட்டால் சொரசொரக்கும், காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் சற்று உள்ளே தள்ளி, குடைக்கம்பி மாதிரி அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். கசக்கினால் எலுமிச்சைப் புல் வாசனை. கசக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வானவில் மரம் (டெக்ளுப்டா) பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நியூகினி மழைக்காட்டு மரம். வருஷம் முழுக்க ஈரக்காற்று வேண்டும். காற்று வறண்ட ஊரில் அந்த நிறம் மங்கிப்போகும், இணையப் படத்தில் வண்ணம் கூட்டியிருப்பதும் உண்டு. சொந்த ஊரில் 200 அடி தாண்டும். இலையில் தைலமும் சொல்லும்படி இல்லை. பிள்ளைகளைச் சமாதானப்படுத்துங்கள்.

அந்த 6 அடிக் கன்று எந்த இனமாக இருந்தாலும் வேண்டாம். தைல மரக் கன்றுக்கு உரிய உயரம் ஒரு சாண், ஒன்றரைச் சாண், 3 முதல் 5 மாத வயது. பையில் 6 அடி வளர்ந்தது என்றால் ஆணிவேர் அடியில் முட்டி, சுருண்டு, சுருள்கம்பி ஆகியிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் பிரியாது. மேலே 30 அடி மரம், கீழே பை அளவு பிடிமானம். நாலாம் வருஷம் ஒரு காற்றில் வேரோடு சாயும்போது மண்ணுக்குள் பையின் வடிவம் அப்படியே தெரியும். சின்னக் கன்றை வாங்கி, பையைக் கிழித்து, அடியில் கால் அங்குலம் சுற்றுவேர் இருந்தால் பிளேடால் சீவிவிட்டு நடுங்கள்.

கொசு விஷயம்: மரம் நிற்பதால் கொசு போகாது. கொசுவை விரட்டுகிற சரக்கு எலுமிச்சைத் தைலத்தை வேதிமுறையில் மாற்றி, செறிவாக்கி எடுப்பது. இலையைக் கசக்கிக் கையில் தேய்த்தால் கொஞ்ச நேரம் பலன் இருக்கும், அவ்வளவுதான். மரத்தடியில் தேங்கின தண்ணீர் இருந்தால் கொசு அங்கேயே குடும்பம் நடத்தும்.

கிணற்றடி

வேர், தண்ணி கணக்கை மட்டும் நான் சொல்றேனுங்க.

இந்த மரம் தண்ணியை வீணாக்குதுங்கிறது தப்பு. ஒரு கிலோ கட்டை உண்டாக்க இது எடுக்கிற தண்ணி பல பயிரைவிடக் கம்மிதான். ஆனா வருஷம் முழுக்க இலையோட நின்னு வளருது, மத்த மரம் கோடையில இலை கொட்டி ஓய்ஞ்சிருக்கிறப்பவும் இது உறிஞ்சிக்கிட்டே இருக்கும், வேர் ஆழமாவும் போகும். அதனால மொத்தக் கணக்கு கூடிருது. நீலகிரியில கிளென்மார்கன்ல புல்வெளியில இந்த மரத்தை நட்டு, பக்கத்துல நடாத ஓடைப் படுகையோட ஒப்பிட்டுப் பல வருஷம் அளந்திருக்காங்க. முதல் வெட்டு வரைக்கும் ஓடையில வர்ற தண்ணி சுமார் 16 சதவீதம் குறைஞ்சுது. வெட்டின கட்டையில தழைஞ்ச ரெண்டாவது சுத்துல சுமார் 25 சதவீதம். ரெண்டாவது ஏன் அதிகம்னா, மேல தழைதான் புதுசு, கீழ வேர் பழைய முழு வேர்.

ஆனா அது தோப்புக் கணக்கு. ஒத்தை மரம் ஒரு கிணத்தை வத்த வைக்காது. சுத்துவட்டாரத்துல போட்ட ஆழ்துளை செய்யிற வேலையை ஒரு மரத்து மேல போடுறது நியாயமில்லீங்க. கிணத்துக்காரர் பயப்பட வேண்டிய காரணம் வேற: ஈரம் தேடிப்போற வேர் கல்கட்டுக் கிணத்துச் சுவர்ல சந்துல நுழைஞ்சு பருத்தா கல்லைத் தள்ளிரும். அப்புறம் இலை. காத்தடிச்சா கிணத்துக்குள்ள விழுந்து தண்ணி டீத்தண்ணி நிறமாயிரும், வாடையும் வரும். அதைச் சொல்லிப் பேசுனீங்கன்னா அவரும் கேட்பாரு.

உங்க அளவை வெச்சுப் பாத்தேன். முழு மரமா விட்டா சிட்ரியோடோரா 80 அடி, 100 அடி போகும். காலி இடமே 53 அடிதான். எந்தப் பக்கம் சாஞ்சாலும் ஒண்ணு உங்க வீடு, இல்லைன்னா அடுத்தவர் இடம். ஆகவே முழு மரம் வேண்டாம். வெட்டி வெட்டி ஆள் உயரத்துல வெக்கிறதா இருந்தா இடம் இருக்கு. கிழக்கு மேற்குல நடு, அதாவது ரெண்டு எல்லைக்கும் 30 அடி. பின்சுவர்ல இருந்தும் 30 அடி. அந்தப் புள்ளியில இருந்து செப்டிக் டேங்க் கிட்டத்தட்ட 30 அடி வருது, கிணறு 60 அடி வருது, வடக்கு எல்லை 23 அடி. உங்க மனையில இதைவிட நல்ல இடம் கிடையாது.

செப்டிக் டேங்க்ல இருந்து போற குழாய் பழைய மண்குழாயா, பிவிசியா பாருங்க. மண்குழாய்ல சிமெண்ட் பூச்சு வெச்ச மூட்டு வெடிச்சிருந்தா நூல் மாதிரி வேர் உள்ள போய், சடைப்பின்னல் மாதிரி அடைச்சிரும். பசை போட்டு ஒட்டின பிவிசின்னா அவ்வளவு பயமில்லை. உறிஞ்சு குழி இருந்தா அதுக்கும் இதே 30 அடி.

உங்களுக்குச் செம்மண்ணுங்கிறதால அஸ்திவாரப் பிரச்சினை கம்மி. கரிசல் மண்ணுக்காரங்க யாராவது படிச்சா: அங்க வேர் ஈரத்தை உறிஞ்சினா மண் சுருங்கும், மழைக்கு உப்பும், சுவர் கோணல்மாணலா வெடிக்கும். கரிசல்ல மரம் எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு தூரம் தள்ளி நடணும். அந்த இடம் இல்லைன்னா நடவே கூடாது.

குன்னூர்ப்பனி

நண்பரே, மலைப்பக்கத்து விவரம் கொஞ்சம். இங்கே இதைக் கற்பூர மரம் என்றுதான் சொல்வோம். 1843 வாக்கில் நீலகிரிக்கு வந்தது, விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க என்று நட்டது. சோலையையும் புல்வெளியையும் தின்று தீர்த்த பிறகுதான் விறகின் விலை தெரிந்தது. சரி, அது பெரிய கதை.

தைலத்தைப் பற்றி ஒரு திருத்தம் சொல்லவேண்டும். ஆவி பிடிக்கிற "நீலகிரித் தைலத்தின்" சரக்கு சினியோல். அது குளோபுலஸ் இலையில் நிறைய. உங்களுக்குச் சொல்லியிருக்கிற சிட்ரியோடோராவில் இருப்பது பெரும்பாலும் சிட்ரோனெல்லால். வாசனை பிரமாதம், ஆனால் மூக்கடைப்புக்கு நீங்கள் எதிர்பார்க்கிற அந்தச் சுரீர் இருக்காது. ஆவி பிடிக்கத்தான் மரம் என்றால் வைக்காமலே இருக்கலாம். கடைத் தைலம் இரண்டு சொட்டு அந்த வேலையைச் செய்யும்.

வீட்டிலேயே தைலம் காய்ச்சலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பச்சை இலையில் எண்ணெய் எடைக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம், அதுவும் முறையான கொப்பரையில் மணிக்கணக்கில் ஆவி விட்டால். குக்கரில் இரண்டு கிலோ இலையைத் திணித்து ரப்பர் குழாய் போட்டால் கிடைப்பது வாசனைத் தண்ணீரும் மேலே மிதக்கிற சில மில்லியும். அந்த ஆவி தீப்பிடிக்கும். அடுப்பு எரிகிற சமையலறையில் இந்த வேலை வேண்டாம்.

தைலம் உள்ளுக்குச் சாப்பிடுகிற பொருள் இல்லை. சில மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு, மயக்கம் வரும். கைக்குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவாதீர்கள். பாட்டில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு வேடிக்கையான மரம் வேண்டும் என்றால் வெள்ளிக்காசு இலை, சினேரியா. "சில்வர் டாலர்" என்று பூங்கொத்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வட்ட வட்டமாக வெள்ளி நிறத்து இலை. குளிர் ஊருக்கானது, ஆனால் தொட்டியில் வைத்து மதிய வெயில் படாமல் பார்த்தால் உங்கள் ஊரிலும் சில வருஷம் ஓட்டலாம். அதை நடுவதைவிட இங்கிருந்து கிளை வாங்கிப் பதப்படுத்துவது சுலபம். ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு வெந்நீர். அதில் கிளையின் அடியை இரண்டு அங்குலம் சுத்தியால் நசுக்கி நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இலை ரப்பர் மாதிரி வளையும், நிறம் கொஞ்சம் பழுப்பேறும், உதிராது. இலை ஓரத்தில் முத்து முத்தாகக் கசிந்தால் போதும் என்று அர்த்தம், உடனே எடுத்துத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

மேட்டுத்தோட்டம்

மூவருக்கும் நன்றி. கிணற்றடி அண்ணன் சொன்ன நடுப்புள்ளியில் இன்று குச்சி நட்டுப் பார்த்தேன், அளவு சரியாக வருகிறது. சிட்ரியோடோரா ஒன்று, ஆள் உயரத்தில் வெட்டி வைப்பது என்று முடிவு. ஆவிக்குக் கடைத் தைலம். இப்போது: எப்படி நடுவது, எப்போது முதல் வெட்டு? சுக்கான் பிரச்சினையா? அடியில் ஏதாவது வளருமா? பின்னால் வேண்டாம் என்றால் எப்படி ஒழிப்பது?

நாற்றங்கால்

வரிசையாகச் சொல்கிறேன்.

நடவு ஐப்பசி மழை பிடித்த பிறகு. குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம் போதும். ஆனால் உங்கள் ஊருக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல்: குழியின் நடுவில் கடப்பாரையால் நாலடிக்கு இறக்கி, சுக்கான் தட்டுப்பட்டால் அதை உடைத்துத் துளை போடுங்கள். இல்லையென்றால் ஆணிவேர் சுக்கானில் முட்டிப் பக்கவாட்டில் படரும். சுக்கான் என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து மரத்துக்கு ஏறாது. தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக வந்தால் அதுதான். யூரியா போடாதீர்கள், பலன் இல்லை. கடையில் கீலேட் இரும்பு என்று கேட்டு (சுண்ணாம்பு மண்ணுக்கானது என்று சொல்லிக் கேளுங்கள்) பொட்டலத்தில் உள்ள அளவில் வேர்ப்பக்கம் ஊற்றுங்கள்.

குழிக்கு வேப்பம்புண்ணாக்கு 200 கிராம், மக்கின தொழுவுரம் ஒரு கூடை. அதற்கு மேல் வேண்டாம். ஊட்டம் அதிகமானால் தண்டு தளதளவென்று போய்த் தானே வளையும். புண்ணாக்கு உரத்துக்காக இல்லை, கறையானுக்காக. செம்மண்ணில் முதல் வருஷம் தைலக் கன்றைக் கொல்வது வெயிலைவிடக் கறையான்தான். மண்மட்டத்துக்குக் கீழே வேர்ப்பட்டையைச் சுற்றித் தின்றுவிடும். மேலே இலை வாடும்போது தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். வாடின கன்றை லேசாக இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் கறையான். மூடாக்கு போட்டால் தண்டிலிருந்து ஒரு சாண் விட்டுப் போடுங்கள்.

குச்சி வைத்து இறுக்கிக் கட்ட வேண்டாம். காற்றில் ஆடினால்தான் அடித்தண்டு பருக்கும். தண்ணீர் முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை 10 லிட்டர், பிறகு வாரம் ஒருமுறை, இரண்டாம் கோடையில் மாதம் இரண்டு தடவை. அப்புறம் நிறுத்திவிடுங்கள். சொட்டுநீர்க் குழாயைப் பக்கத்திலேயே விட்டுவைத்தால் வேர் அங்கேயே குழுமிப் பழகும்.

முதல் வெட்டு எப்போது என்பதை வயதைப் பார்த்துச் சொல்லக்கூடாது, தண்டைப் பார்த்துச் சொல்லணும். இடுப்பு உயரத்தில் தண்டு உங்கள் மணிக்கட்டுக் கனம் வரவேண்டும். அநேகமாக இரண்டாம் வருஷ முடிவு. அதற்கு முன் வெட்டினால் அடியில் சேமிப்பு இல்லாமல் தளிர் விட்டு மடியும். வெட்டும் பருவம் மழைக்குச் சற்று முன், ஆவணி புரட்டாசி. பங்குனி சித்திரையில் வெட்டினால் வெட்டுவாய் வெயிலில் வெடித்துப் பட்டை உரியும்.

நாலடி உயரத்தில், ரம்பத்தால், சற்றுச் சாய்வாக. அரிவாளால் கொத்தினால் பட்டை கிழிந்து கீழே வரை இறங்கும், தளிர் விடுகிற கண்களெல்லாம் அந்தப் பட்டைக்குக் கீழேதான். கனத்த தண்டு என்றால் விழும் பக்கம் முதலில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுங்கள், நார் உரியாது. மூன்று நாலு வாரத்தில் வெட்டின இடத்துக்குக் கீழே இருபது முப்பது தளிர் கொத்தாக வெடிக்கும். எல்லாவற்றையும் விடாதீர்கள். ஒரு சாண் வந்ததும் மரத்தைச் சுற்றி இடைவெளி விட்டு ஐந்தாறு வைத்துக்கொண்டு மற்றதைக் கையாலேயே கீழ்நோக்கி இழுத்து உரித்துவிடுங்கள். கத்தரித்தால் அடியில் இருந்து மறுபடி இரண்டாக வரும்.

பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, அதே பருவத்தில், முதல் வெட்டில் தளிர் வெடித்துப் புடைத்த முடிச்சுக்கு இரண்டு அங்குலம் மேலே. இதில் முக்கியம் ஒரு வருஷம்கூட விடக்கூடாது என்பது. இரண்டு மூன்று வருஷம் விட்டால் தளிர்க்கிளை 20 அடி போய்விடும். அந்தக் கிளைக்குத் தாய்த்தண்டோடு உள்ளே பிணைப்பு இல்லை, பட்டைப்பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான். காற்றில் பிய்த்துக்கொண்டு விழும். வருஷா வருஷம் ரம்பம் எடுக்க மனசில்லாதவர்கள் இந்த மரத்தைத் தொடவே வேண்டாம்.

இந்த முறையில் ஒரு லாபம், எப்போதும் இளம் இலை, வாசனை தூக்கல். ஒரு நஷ்டம், பூ வராது. பூ வேண்டும் என்றால் மரமாக விடணும். மூடி கழன்று கேசரம் விரிகிற அந்தப் பூவுக்குத் தேனீ மொய்க்கும், உண்மைதான். உங்கள் மனைக்கு அது இல்லை.

பூச்சியில் பெரியது முடிச்சுக் குளவி. 2001-ல் தென்னிந்தியாவில் தென்பட ஆரம்பித்தது. இலைநரம்பிலும் காம்பிலும் கொப்புளம் கொப்புளமாக, முதலில் பச்சை, பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் பழுப்பு, அதில் ஊசித்துளை. மைசூர் கம் வகையைத்தான் அதிகம் பிடிக்கும், வெட்டித் தழைந்த தளிரை இன்னும் ஆசையாக. சிட்ரியோடோரா பெரும்பாலும் தப்பிவிடும், அதைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிணற்றடி

அடியில வளருமான்னு கேட்டீங்க. காய்கறி வராது. தக்காளி, கத்தரி, கீரை ஒண்ணும் 12 அடி வட்டத்துக்குள்ள வேண்டாம். இலைச்சாறு மண்ணுல இறங்கி விதை முளைக்கிறதைத் தடுக்கும்னு சொல்றதுல உண்மை இருக்கு, ஆனா அதைவிடப் பெரிய காரணம் வேர் ஈரத்தை முந்திக்கிட்டு எடுக்கிறது. சோத்துக் கத்தாழை, மருள், ஆடாதொடை, நொச்சி மாதிரி காஞ்சு கிடந்து பழகின சாமானை ஓரமா வைங்க, தாங்கும்.

உதிர்ந்த சருகைக் கூட்டி ஒதுக்கணும். அதுல எண்ணெய் இருக்கு, கோடையில பீடி நெருப்பு பட்டாப் போதும், புசுக்குன்னு பிடிக்கும். வீட்டுச் சுவரோரம் குவிக்காதீங்க. உரக்குழியில முழுசாப் போட்டா ஒரு வருஷம் ஆனாலும் அப்படியே தோல் மாதிரி கிடக்கும். அரிவாளால நறுக்கி, ஒரு பங்கு சருகுக்கு ரெண்டு பங்கு பச்சைப் புல்லோ சமையல் கழிவோ கலந்து, சாணிக்கரைசல் தெளிச்சு, மாசம் ஒருக்கா புரட்டினா ஆறேழு மாசத்துல மக்கும். மொட்டைமாடி மழைத்தண்ணி சேமிப்பு இருந்தா வடிகட்டி வாயில வலை போடுங்க. சருகு ஊறின முதல் மழைத்தண்ணி காப்பி நிறத்துல தொட்டிக்குப் போயிரும்.

இன்னொண்ணு. வேற யாராவது இதைப் படிச்சுட்டு ஏற்கெனவே வளந்த பெரிய மரம் வெச்சிருந்தா, அதுக்கடியில ஊஞ்சல், கட்டில், கார் எதுவும் வேண்டாம். காத்தே இல்லாத வெயில் மதியத்துல பச்சைக் கிளை தானா முறிஞ்சு விழுற வழக்கம் இந்தச் சாதி மரத்துக்கு உண்டு. முன்னறிவிப்பு இருக்காது.

ரம்பக்காரர்

ஒழிக்கும் விதம் கேட்டிருக்கீங்க. நல்ல செய்தி: இது வேரிலிருந்து அங்கங்கே கன்று விடுகிற மரமில்லை. தழைவது அடிக்கட்டையிலிருந்து மட்டும். கட்டையைக் கொன்றால் மரம் முடிந்தது.

மண்மட்டத்துக்கு அறுங்கள். பிறகு கட்டையைச் சுற்றி அரை அடி மண்ணைத் தோண்டி, வேர் பிரிகிற இடம் வரை பட்டையை முழுக்க உளியால் உரியுங்கள். அங்கே கிழங்கு மாதிரி புடைப்பு இருக்கும். உறங்குகிற கண்கள் அதில்தான். அதில் ஒரு துண்டுப் பட்டை மிஞ்சினாலும் அங்கிருந்து வரும். மண்ணை மூடி மேலே கறுப்புத் தார்ப்பாய். மூடியதும் மறந்துவிடக் கூடாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்து வந்த தளிரை உரித்துக்கொண்டே இருங்கள். ஒரு வருஷம் இலையே விடாமல் பார்த்தால் வேர்ச்சேமிப்பு தீர்ந்து செத்துவிடும். உப்புக் கொட்டுவது, ஆசிட் ஊற்றுவது எல்லாம் மண்ணைத்தான் கெடுக்கும். அந்த இடத்தில் அடுத்த மரமும் வராது.

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு: அங்கே 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சொந்தத் தோட்டத்து மரம்தானே என்று ரம்பத்தை வைக்காமல் வனத்துறையில் கேட்டுக்கொண்டு தொடுங்கள்.

வெட்டின கட்டையை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ள நினைத்தால், அறுத்த அன்றே இரண்டு முனையிலும் பழைய பெயிண்டோ தாரோ பூசி நிழலில் போடுங்கள். உள்ளே இழுவிசை அதிகம், பூசாமல் வெயிலில் போட்டால் மறுநாளே முனை நட்சத்திரமாக வெடிக்கும். பந்தல் கால், பாகல் கொடிக்குக் கழி, அவ்வளவுக்கு நல்லா ஆகும். கதவு நிலைக்கு ஆசைப்படாதீங்க, முறுக்கிக்கொள்ளும்.

மேட்டுத்தோட்டம்

நன்றி ரம்பக்காரரே. ஒரே ஒரு சந்தேகம்: சின்னக் கன்று சிட்ரியோடோரா கிடைக்கவில்லை என்றால் விதையில் போடலாமா?

நாற்றங்கால்

போடலாம். விதை சின்னதுதான், கூடவே பதர் நிறைய இருக்கும். எல்லாம் விதை என்று நினைத்துவிடாதீர்கள். தட்டில் சலித்த மணல், செம்மண், மக்கின உரம் சம அளவு. விதையைத் தூவி அதன் மேல் விதை மறைகிற அளவுக்கு மட்டும் நைசு மணல். பூவாளியால் ஊற்றினால் விதை ஓடிவிடும். தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏற விடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். முளைத்த பிறகு ஈரம் நின்றால் தண்டு மண்மட்டத்தில் கறுத்துச் சுருங்கிச் சாயும், அப்போது தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். இரண்டு ஜோடி இலை வந்ததும், வேரைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கி, 6 அங்குல ஆழப் பைக்கு மாற்றுங்கள். ஆனி மாதம் விதைத்தால் ஐப்பசி நடவுக்கு ஒன்றரைச் சாண் கன்று தயார். பத்து கன்று வளர்த்து, அதில் இலையைக் கசக்கிப் பார்த்து வாசனை தூக்கலான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கன்றுக்குக் கன்று வாசனை மாறும்.